கழிப்பறைக்குப் புறப்பட்ட பீரோ

ஏப்ரல் 22, திங்கள்

நேரம், இடம், அளவு, இளக்கம். இந்த நான்கை மட்டும் தினமும் எழுதினால் போதும், கதை வேண்டாம் என்று டாக்டர் சண்முகவடிவு சொல்லியிருக்கிறார். எனக்கும் கதை எழுதும் பழக்கமில்லை. இருபத்து நான்கு வருடங்களாக மாணவிகளின் வேதியியல் ஆய்வகக் குறிப்பேடுகளைத் திருத்தி வருகிறேன். ‘அழகான நீல நிறம்’ என்று யாராவது எழுதினால் ‘அழகான’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிடுவேன்.

எழுதப்படுவது என் தம்பி மகள் கெசியாவைப் பற்றி. வயது ஆறே முக்கால். ஆட்டிசம் என்று மூன்று வயதில் தெரிந்தது. சிறுநீருக்குப் பிரச்சினை இல்லை, தானே போய்விடுவாள். மற்றதற்குக் கழிப்பறைப் பக்கமே வரமாட்டாள். ஐந்து நாளைக்கு ஒருமுறை டயப்பரை எடுத்துவந்து நீட்டுவாள். போட்டுவிட்டதும் படுக்கையறைப் பீரோவின் முன்னால் நின்று, அதன் இரும்பில் நெற்றியைச் சாய்த்து, கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வாள். பீரோவின் முன்னால் மட்டும்தான்.

டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

“நடுவுல கொஞ்சங் கொஞ்சமா உடுப்புல கசியுது டாக்டர். வயித்தால போவுதுன்னு நெனச்சு வாழப்பழத்தக்கூட நிறுத்திட்டோம்” என்றாள் பியூலா, தம்பி மனைவி.

“வயித்தால போகலம்மா. உள்ள கல்லா அடைச்சிருக்கு, அதச் சுத்தித்தான் கசியுது. போனா வலிக்குது. வலிக்கும்னு அடக்குதா. அடக்க அடக்க இன்னும் கெட்டியாவுது. இது பிடிவாதம் இல்ல, பயம். முதல்ல மருந்து குடுத்து வலிய நிறுத்துவோம். அப்புறம் அவ எங்க போறாளோ அங்க இருந்து ஆரம்பிப்போம். நாம நினைக்கிற இடத்துல இருந்து இல்ல.”

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா, எத்தனை பிள்ளைகளுக்குப் பலித்தது, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீங்க என்ன படிச்சிருக்கிய?”

“வேதியியல். பி.எச்டி.”

“அப்போ நோட்ட நீங்களே எழுதுங்க” என்றார்.

ஜூன் 10 அன்று பள்ளி திறக்கிறது. டயப்பர் இல்லாமல் வந்தால் ஒன்றாம் வகுப்பில் இடம், இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறாராம். போன வருடமும் ‘அடுத்த வருடம்’ என்றுதான் சொன்னார்களாம். இன்னும் நாற்பத்தொன்பது நாள்.

நான் பாளையங்கோட்டைக்கு வந்தது மதுரையில் என் வாடகை வீட்டில் தண்ணீர் வராததால். பியூலா போனில் அழுததற்கும் அதற்கும் தொடர்பில்லை. மே 5 அன்று திரும்பிவிடுவேன்.

இன்று: இல்லை.

ஏப்ரல் 24, புதன்

மருந்துப் பொடியின் பெயர் பாலிஎத்திலீன் கிளைக்கால். இருபது வயதில் இதன் மூலக்கூறு எடையைக் கணக்கிட்டுப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் இதை நன்னாரி சர்பத்தில் கலக்கிக் குழந்தையிடம் நீட்டுவேன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. குடித்தாள்.

இந்த வீட்டின் சத்தத்தைப் பற்றி ஒரு வரி எழுதத்தான் வேண்டும். தம்பி ஞானதுரை மைக் செட் வாடகைக்கு விடுகிறான். கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, சர்ச் கன்வென்ஷன் எல்லாவற்றுக்கும் அவன் பெட்டிகள்தான் போகின்றன. போகாத நாளில் முன்னறையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருப்பான். சாம்பார் கேட்பதைக்கூட ஒலிபெருக்கியில் அறிவிப்பது போலத்தான் கேட்பான். பியூலா சர்ச் பாடகர் குழுவில் கஞ்சிரா தட்டுபவள். வெங்காயம் நறுக்கும்போதும் தாளம் இருக்கிறது.

கெசியா அப்பாவின் பழைய பெரிய ஹெட்போனை நாள் முழுவதும் காதில் மாட்டியிருக்கிறாள். வயர் எதிலும் சொருகப்படாமல் பின்னால் வால் போல இழுபடுகிறது. “அப்பன் தொழில் ரத்தத்துலயே இருக்கு” என்கிறான் தம்பி, பெருமையாக.

அவள் பேசும் சொற்கள் மிகக் குறைவு. ஏதாவது வேண்டுமென்றால் “செக்... செக்...” என்பாள், அவன் மைக்கைத் தட்டிச் சொல்வது போல.

என் பக்கத்தில் உட்காரும்போது மட்டும் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைக்கிறாள். காரணம் தெரியவில்லை.

இன்று: இல்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

“அவ போற இடத்துல இருந்து ஆரம்பிக்கணும்னா எப்படிக்கா? அவ பீரோகிட்டல்லா போறா. பீரோவ பாத்ரூமுக்குக் கொண்டு போவ முடியுமா?” என்று தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. டேப் எடுத்துவரச் சொன்னேன். பீரோவிலிருந்து கழிப்பறை வரை, படுக்கையறைக் கதவைக் கடந்து ஹால் வழியாக, முப்பத்தோரு அடி. நாளைக்கு இரண்டு அடி நகர்த்தினால் பதினாறு நாளில் போய்விடலாம்.

“மைனி, நீங்க வெளாட்டுக்குச் சொல்லுதியளா?” என்றாள் பியூலா.

நான் விளையாட்டுக்கு எதுவும் சொல்வதில்லை என்பது குடும்பத்துக்கே தெரியும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேரம்: காலை 9.40. இடம்: பீரோ முன்னால், டயப்பரில். அளவு: பெரியது. இளக்கம்: கெட்டி, ஆனால் அழவில்லை.

அவர்கள் இருவரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தலைவலி. (ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலைவலி வருவது வழக்கம். தம்பி இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பத்து வருடமாகிறது.)

திரும்பி வந்தவர்களிடம் சொன்னேன். பியூலா கஞ்சிராவைத் தரையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

மாலை 4 மணி: பீரோ புறப்பட்டது. ஈரச் சாக்கைக் கால்களுக்கு அடியில் கொடுத்து மூவரும் தள்ளினோம். இரண்டு அடி. கெசியா வந்து பார்த்தாள். நெற்றியைச் சாய்த்துப் பார்த்தாள். போய்விட்டாள். ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டோம்.

மே 2, வியாழன்

காலை 10.30. பீரோ முன்னால். நடுத்தரம். இளக்கம்: பூவன்பழம் மாதிரி. (இது டாக்டரின் சொல். நான் மருத்துவ அட்டவணைப்படி ‘வகை நான்கு’ என்று எழுதியிருப்பேன்.)

இன்று மாதாந்திர மின்தடை. தம்பி பெட்டியில் கொடைப் பந்தலுக்குப் போய்விட்டான். இல்லை, பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இந்த வீட்டில் என் வாக்கியங்கள்கூடக் குழம்புகின்றன.

பீரோ படுக்கையறை வாசலில் நிற்கிறது. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் பக்கவாட்டில்தான் நுழைந்து வெளியே வர முடியும். தம்பிக்கு அந்த அளவும் போதவில்லை. “பேசாம ஹால்லயே படுத்துக்கிடுதேன்” என்று பாயை எடுத்துக்கொண்டான்.

மே 5, ஞாயிறு

காலை 9.15. மற்றவர்கள் சர்ச்சில். எனக்குத் தலைவலி. பீரோ ஹாலுக்குள் நுழைந்துவிட்டது. அங்கேயும் போனாள்!

மேலே உள்ள ஆச்சரியக்குறியை அடித்துவிட வேண்டும்.

மதுரையில் இன்னும் தண்ணீர் வரவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்டேன்.

மே 8, புதன்

சபைப் போதகர் வந்தார். இந்தப் பக்கத்தில் போதகர்களை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாலுக்கு நட்ட நடுவில் பீரோ நிற்பதைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“வீடு மாத்துறீங்களா ஞானதுரை?”

“இல்லைங்க ஐயரே. பீரோ மட்டும் போவுது.”

“எங்க?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் பியூலாவைப் பார்த்தேன். பியூலா, “பாத்ரூமுக்கு, ஐயரே” என்றாள்.

ஐயர் காபி டம்ளரைப் பியூலாவிடம் கொடுத்தார். பிறகு எழுந்து பீரோவின் மேல் கைவைத்து, இந்தப் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று ஜெபம் செய்தார். எனக்கு அந்த மனிதரை முதன்முறையாகப் பிடித்தது.

மே 12, ஞாயிறு

காலை 9.30. ஹால், கழிப்பறைக்கு ஆறு அடி முன்னால். வலி இல்லை. போய் முடித்ததும் “செக்” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருந்த நேரம் சுமார் நாற்பது விநாடி. இது டாக்டர் கேட்ட நான்கில் இல்லை.

மே 14, செவ்வாய்

பீரோ கழிப்பறை வாசலை அடைந்தது. உள்ளே போகாது. வாசலின் அகலம் இரண்டேகால் அடி, பீரோ மூன்றடி; பக்கவாட்டில் திருப்பினால் கம்மோடு இடிக்கிறது. முப்பத்தோரு அடியையும் அளந்தேன், வாசலை அளக்கவில்லை. இதே தவறைச் செய்த மாணவிக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

“செவுத்த இடிச்சிருவமா?” என்றான் தம்பி. விளையாட்டாகக் கேட்கவில்லை. கடப்பாறை எங்கே இருக்கிறது என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வேண்டியது பீரோ முழுவதுமா என்று நான் யோசித்தேன். பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன்: கைப்பிடியைத்தான் கடைசிவரை விடுவதில்லை. ஸ்குரூடிரைவர் கேட்டேன். நான்கு திருகுகள். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பீரோவை வாசலுக்குப் பக்கத்தில் ஒதுக்கினோம். உள்ளே கம்மோடுக்கு வலப்பக்கச் சுவரில், அவள் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில் பொருத்தினோம். கெசியா வந்தாள். கைப்பிடியை முகர்ந்தாள். பிடித்து இழுத்தாள். சுவர் திறக்கவில்லை. சிரித்தாள்!

(ஆச்சரியக்குறி இருக்கட்டும். அது ஒரு பதிவு.)

அப்பா இந்தப் பீரோவைப் போலவே இரண்டு ஒரே நாளில் வாங்கினார். ஒன்று தம்பிக்கு. மற்றொன்று எனக்கு, என் கல்யாணத்துக்கு என்று. அது மதுரையில் இருக்கிறது. அதில் விடைத்தாள்கள் இருக்கின்றன.

மே 17, வெள்ளி

டாக்டர் சொன்னபடி ஏற்பாடுகள். எக்சாஸ்ட் ஃபேன் கழற்றப்பட்டது. பினாயில் நிறுத்தப்பட்டது. கால் தொங்கக்கூடாது, பாதம் ஊன்றினால்தான் முக்க முடியும் என்பதால் தம்பி ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அதைக் கால் வைக்கப் போட்டிருக்கிறான். சாப்பிட்டு இருபது நிமிடம் கழித்து ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், டயப்பருடனே. வராவிட்டால் எழுந்துவிடலாம். கட்டாயம் கிடையாது.

ஊதினால் வயிற்றுத் தசை தானாக அழுத்தும், அதனால் சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள் என்றார். கடையில் வாங்கியது பத்து விநாடியில் உடைந்தது. இது எனக்கு அவமானமாக இருந்தது. கிளிசரினும் சீனியும் சேர்த்து நானே ஒரு கரைசல் செய்தேன். நான்காவது கலவையில் ஒரு குமிழி நாற்பத்தெட்டு விநாடி நின்றது. தம்பியும் பியூலாவும் கொல்லையில் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் தரத்தைச் சரிபார்ப்பதற்காக முப்பது முறை ஊதினேன்.

மே 19, ஞாயிறு

காலை 9.50. கம்மோடில் உட்கார்ந்து, டயப்பரில். கைப்பிடியைப் பிடித்தபடி. மற்றவர்கள் சர்ச்சில்.

அடுத்த படி: டயப்பரில் ஓட்டை வெட்டுவது. டயப்பர் இடுப்பில் இருக்கும், விஷயம் மட்டும் கீழே தண்ணீரில் விழும். ஓட்டையின் விட்டம் மூன்று சென்டிமீட்டர் என்று நான் குறித்துக் கொடுக்க, பியூலா தையல் கத்தரியால் வெட்டினாள். வெட்டிய ஓட்டையைத் தம்பி கண்ணில் வைத்துப் பார்த்தான்.

தண்ணீர் பற்றி வீட்டுக்காரர் மதுரையிலிருந்து பேசினார். சரியாகக் கேட்கவில்லை.

மே 23, வியாழன்

காலை 8.25. இடம்: கம்மோட். கம்மோடுக்குள்! அளவு: சிறியது. இளக்கம்: யார் பார்த்தார்கள்!

தம்பி தெருமுனைக் கடைக்குப் போயிருந்தான், பியூலா அடுப்படியில் இருந்தாள். ஊதிக்கொண்டே இருந்த கெசியா நிறுத்தினாள். கீழே ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் வாய் தவறி, “வந்துவிட்டது!” என்று கத்திவிட்டேன்.

பியூலா ஓடிவந்தாள். கஞ்சிராவோடு. தம்பி கடையிலிருந்து ஓடிவந்தான். கழிப்பறை வாசலில் பீரோவைச் சுற்றி நின்று இருவரும் கைதட்டி ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினார்கள். இந்தக் குடும்பத்தில் பரீட்சை பாஸானாலும், மாடு கன்று போட்டாலும் அப்படித்தான். தம்பிக்கு அதுவும் போதவில்லை. முன்னறைக்குப் போய்ப் பெரிய பெட்டியைப் போட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, “எம்மவ கெசியா இன்னைக்கு...” என்று தொடங்கிவிட்டான். பக்கத்து வீட்டு மாமி என்ன என்று கேட்க வந்தாள். அவளுக்கும் விஷயத்தைச் சொல்லி லட்டு கொடுத்தார்கள்.

நானும் தட்டினேன். கைதட்டல்தான். மூன்று முறை.

கெசியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படுக்கையறையில் பாய்க்கு அடியில் இருந்தாள். சந்தோஷத்தில் ஓடிவிட்டாள் என்று நினைத்தோம்.

மே 25, சனி

இல்லை. உட்கார மறுக்கிறாள்.

மே 26, ஞாயிறு

இல்லை. தலைவலி இருந்தும் இல்லை.

மே 28, செவ்வாய்

இல்லை. டயப்பரை நீட்டவும் இல்லை. வாசலில் கைப்பிடி இல்லாமல் நிற்கும் பீரோவைக்கூடப் பார்ப்பதில்லை. வயிறு கெட்டியாக இருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்டச் சொன்னார் டாக்டர். பியூலா சாப்பிடவில்லை. “அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் மைனி” என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பள்ளி திறக்கப் பதின்மூன்று நாள்.

மே 29, புதன்

காலை நான்கு மணியிலிருந்து இந்த நோட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 28: சர்ச். மே 2: மின்தடை. மே 5: சர்ச். மே 12: சர்ச். மே 19: சர்ச். மே 23: தம்பி கடையில். ஆறு முறை போனாள், ஆறு முறையும் வீடு அமைதியாக இருந்திருக்கிறது. சத்தமான நாட்களில் ஒரு முறைகூட இல்லை. காதில் ஹெட்போன் எதற்கு என்று ஒரு மாதமாக யோசிக்கவே இல்லை. என் பக்கத்தில் வந்தால் ஏன் கழற்றுகிறாள் என்பதற்குக் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். நான் பேசுவதில்லை, அவ்வளவுதான். கையில் புள்ளிவிவரம் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அன்று வலிக்கவில்லை. அவள் போனதும் வானம் இடிந்து விழுந்தது. இனி போனால் மறுபடி விழும் என்று நினைக்கிறாள். நானாக இருந்தாலும் போகமாட்டேன்.

தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நோட்டை விரித்துக் காட்டினேன். தேதிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான்.

“நான் போடுத சத்தத்துலயாக்கா எம்புள்ள அடக்கிட்டுக் கெடந்தா?”

அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனால் முடியும் என்பதே எனக்குத் தெரியாது.

“நானும் கத்தினேன்” என்றேன். “முதலில் கத்தியது நான்தான்.”

டாக்டரிடம் போனில் சொன்னேன். “நான் கேட்டதுக்கு மேல எழுதினது நல்லதாப் போச்சு” என்று சிரித்தார். இது பாராட்டா என்று தெரியவில்லை.

மே 31, வெள்ளி

வீட்டில் புதுச் சட்டம். மைக் சோதனை கிடையாது. பெட்டிகள் நண்பனின் குடோனுக்குப் போய்விட்டன. குக்கர் விசிலுக்குப் பதிலாகச் சட்டிச் சோறு. கஞ்சிரா பீரோவுக்குள், துணிக்கு அடியில். கைப்பிடி இல்லாததால் பீரோவைத் திறக்க விளிம்பில் விரலைக் கொடுத்து இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த ‘க்ரீச்’சுக்கும் தம்பி எண்ணெய் போட்டான்.

பேசுவதெல்லாம் சைகையில். இன்று மதியம் தம்பி சாம்பாரில் உப்பில்லை என்பதை ஒரு முழு நாடகமாக நடித்துக் காட்டினான். பியூலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். எனக்குப் புரையேறியது. தலையில் தட்டினால் சத்தம் வரும் என்று இருவரும் என் தலையைத் தடவினார்கள்.

கெசியா மாலையில் ஹெட்போனைக் கழற்றினாள். என் மடியில் இல்லை. மேஜை மேல் வைத்தாள். வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் அரை மணி நேரம் அசையவில்லை. கொசு கடித்தும் அசையவில்லை.

ஜூன் 2, ஞாயிறு

மதியம் 1.10. பீரோ முன்னால், டயப்பரில். பெரியது. வீட்டில் எல்லோரும் இருந்தோம். சர்ச்சுக்குப் போய்த் திரும்பியும் ஆகிவிட்டது. எல்லோரும் இருந்தும் போயிருக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பியூலா கால்விரலை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் 4, செவ்வாய்

கம்மோடில் உட்கார்ந்தாள். ஓட்டை வெட்டிய டயப்பர். கைப்பிடி, ஸ்பீக்கர் பெட்டி, குமிழி. வரவில்லை. பரவாயில்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நான் உள்ளே இருப்பேன், அவர்கள் வெளியே. வந்துவிட்டால் எப்படிச் சொல்வது? கத்தக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது, போன் கூடாது. கழிப்பறையின் மேலே கொல்லையைப் பார்த்த வென்டிலேட்டர் ஒன்று இருக்கிறது. வந்தால் அதன் வழியாகக் குமிழி விடுவேன் என்று எழுதிக் காட்டினேன். தம்பி, “எத்தன குமிழி?” என்று விரலைக் காட்டிக் கேட்டான்.

ஜூன் 6, வியாழன்

காலை 8.40. இடம்: கம்மோட். டயப்பர்: இல்லை.

இப்படி நடந்தது. ஓட்டை டயப்பரை நான் எடுத்தேன். அவள் அதை வாங்கி ஓட்டையின் வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு பக்கெட்டில் போட்டுவிட்டு, வெறுமனே ஏறி உட்கார்ந்தாள். வலக்கை கைப்பிடியில். “செக்... செக்...” என்றாள். நான் குமிழிக் குச்சியை நீட்டினேன். ஊதினாள். நானும் ஊதினேன். ஏழு நிமிடம். ‘ப்ளக்.’ இன்னொரு ‘ப்ளக்.’

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வானம் விழுமா என்று பார்த்தாள் என நினைக்கிறேன். நான் எதுவும் செய்யவில்லை. வாழ்க்கையில் எதுவும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு பலம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. ஒரு நிமிடம் கழித்து, கீழே குனிந்து தான் செய்ததைத் தானே பார்த்தாள். தலையை ஆட்டினாள், சரிபார்த்தது போல.

ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி நின்று வென்டிலேட்டர் வழியாக ஊதினேன். ஒன்று போதும். பதினேழு விட்டேன்.

அவளைக் கழுவி, உடுப்பு மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தோம். அங்கே தம்பியும் பியூலாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாமல். தம்பி துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கிறான், வெறுங்காலால், கால் தரையில் படுவதுகூடக் கேட்கவில்லை. பியூலா இல்லாத கஞ்சிராவை இடுப்பில் தட்டுகிறாள். இருவர் வாயும் அகலத் திறந்திருக்கிறது, கண்ணீர் ஓடுகிறது, ஒரு சத்தம் இல்லை. மேலே குமிழிகள் துணி காயப்போட்ட கொடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு மாமி மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்து அவளும் இரண்டு கையையும் தூக்கிச் சத்தமில்லாமல் ஆட்டினாள்.

கெசியா பார்த்துக்கொண்டே நின்றாள். காதைப் பொத்தவில்லை. பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே புகுந்து அவளும் சுற்றினாள்.

எனக்கு இடது முழங்கால் வலிக்கிறது. மாடிப்படி ஏறியதால் இருக்கலாம். இந்த வீட்டில் மாடி கிடையாதே என்கிறாள் பியூலா.

ஜூன் 7, வெள்ளி

காலை 8.50. கம்மோட். டயப்பர் இல்லை. நடுத்தரம்.

பள்ளிக் கழிப்பறையில் கைப்பிடி இருக்காது. தம்பி கடையில் புதிது ஒன்று வாங்கிவந்தான். கெசியா முகர்ந்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டாள். வீட்டுக் கைப்பிடியைத் தினமும் கழற்றி மாட்டவும் முடியாது. இதே கைப்பிடி உலகத்தில் இன்னொரு இடத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 8, சனி

காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். வீட்டுக்காரர், “தண்ணி வந்து ஒரு மாசமாச்சு டீச்சர், அன்னைக்கே சொன்னேனே” என்றார். குழாயைத் திறந்து பார்த்தேன். வந்தது. மூடினேன். என் பீரோவின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அப்பா அதை எதற்காக வாங்கினாரோ அதற்கு அது பயன்படவில்லை. விடைத்தாள்கள் திறந்த பீரோவில் இருக்கின்றன, இருக்கட்டும்.

கெசியா அதை முகர்ந்தாள். விரலால் தடவினாள். நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலை 9.05. கம்மோட். எனக்கு இன்று தலைவலி இல்லை. ஆனாலும் வீட்டில் இருந்தேன்.

மாலையில் தலைமையாசிரியை பள்ளியைத் திறந்துவிட்டார். தம்பி டிரில்லோடு போய்ச் சிறு பிள்ளைகளின் கழிப்பறைச் சுவரில் கைப்பிடியைப் பொருத்தினான். கெசியா வெளியே என் பக்கத்தில், ஹெட்போனோடு. “சுவர்ல எதுக்குங்க பீரோ கைப்பிடி?” என்று அந்த அம்மா கேட்டார். இந்த நோட்டைக் கொடுத்தேன். நின்றுகொண்டே பதினாறு பக்கம் படித்தார். ஐயர் ஜெபம் செய்த இடத்தில் சிரித்தார். பிறகு, “வகுப்புல ‘செக் செக்’னு சொன்னா அனுப்பிடணும், அதானே? கைதட்டக்கூடாது. நான் எழுதி ஒட்டிடுறேன்” என்றார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கு டயப்பர் இல்லாமல் போயிருக்கிறாள். காலையில் வீட்டில் உட்கார்ந்தபோது ஒன்றும் வரவில்லை. மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தம்பி மூன்று முறை அது வேலை செய்கிறதா என்று பார்த்தான். 11.31க்கு மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம். வகுப்பு ஆசிரியை ரகசியம் போலப் பேசினார்:

“கெசியா போயிட்டு வந்துட்டாங்க. தானா. யாரும் கைதட்டல.”

நேரம்: 11.20. இடம்: பள்ளிக்கூடம். அளவு, இளக்கம்: தெரியவில்லை, நான் அங்கே இல்லை.

குறிப்பு: இன்று இரண்டு முழங்காலும் வலிக்கிறது.